வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி எங்கே போகிறது? பெரம்பலூர், அரியலூர் மக்கள் யாரிடம் கேட்கலாம்?

ஊர் நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வரவில்லை, நாளிதழ் குறைந்துவிட்டது என்றால், "கவர்மென்ட் பட்ஜெட்டுல கை வச்சுட்டாங்க" என்றுதான் பலரும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. சட்டமன்றத்தில் யாரும் ஒரு ரூபாயைக்கூட வெட்டாமலேயே நூலகத்தின் பணம் குறைய முடியும்.

நூலக வரி என்றால் என்ன?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு, அதாவது 10 சதவீதம். 1,000 ரூபாய் வீட்டு வரி என்றால் நூலகத்துக்கு 100 ரூபாய். நூலகத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காதவரும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதற்கு அடிப்படை 1948-ம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆட்சியாளர்களின் மனநிலையை நம்பி நூலகம் இருக்கக் கூடாது, அதற்கென்று நிலையான வருமானம் வேண்டும் என்பதே இந்த வரியின் நோக்கம்.

பணம் எந்த வழியாகப் போகிறது?

வரியை வசூலிப்பது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. ஆனால் பணம் அவர்களுடையது அல்ல. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குழுவின் நிதியில் இருந்துதான் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றின் செலவுகள் நடக்கின்றன.

சிக்கல் வருவது இங்கேதான். தெருவிளக்குக் கட்டணம், துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்று உள்ளாட்சிக்கு ஆயிரம் நெருக்கடி. கையில் இருக்கும் நூலக வரி "அப்புறம் அனுப்பிக்கலாம்" என்று நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பல ஊர்களில் எழும் புகார் இது. சென்னை தவிர்த்த மாவட்டங்களில், வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்தக் கணக்குப்படி வரி நின்றால் இழப்பு ஒரு மடங்கோடு முடியாது.

பெரம்பலூர், அரியலூரில் இது ஏன் முக்கியம்?

இரண்டுமே சிறிய மாவட்டங்கள். பெரம்பலூரில் ஒரே ஒரு நகராட்சி. அரியலூரில் அரியலூர், ஜெயங்கொண்டம் என இரண்டு. மாநகராட்சி இரண்டிலும் கிடையாது. வரி அடித்தளமே சின்னது என்பதால், ஒரு நகராட்சி பாக்கி வைத்தாலும் மாவட்டம் முழுக்கத் தெரியும். டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாமல் உட்காரும் இடம் இந்த நூலகங்கள்தான். போன வருஷ நடப்பு நிகழ்வுகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷத் தேர்வை எப்படி எழுதுவது?

(2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட நூலகங்கள் வேறு. அவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருபவை. பூட்டிக் கிடந்தால் ஊராட்சியிடம்தான் கேட்க வேண்டும்.)

யாரிடம், என்ன கேட்பது?

நகராட்சி என்றால் வார்டு கவுன்சிலர். கேள்வி ஒன்றே ஒன்று: "போன வருஷம் எவ்வளவு நூலக வரி வசூலாச்சு, அதுல எவ்வளவு அனுப்பினீங்க?" இதை அவர் மன்றக் கூட்டத்தில் எழுப்பினால் பதில் பதிவாகும். பதில் வரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம்.

ஊராட்சியில் கிராம சபைதான் இடம். இந்த இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தலைவர் இல்லாத காலத்திலும் வரி வசூல் நிற்பதில்லை, அதை ஒப்படைக்கும் கடமையும் நிற்பதில்லை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். தனி ஆள் மனுவைவிட, நூலக வாசகர் வட்டத்தின் பெயரில் பலர் கையெழுத்திட்ட மனுவுக்குக் கனம் அதிகம்.

பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் எம்.எல்.ஏ.க்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தொகுதி நிதியில் நூலகக் கட்டடம் கேட்பது வழக்கம். திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் கிடைக்கும். தினசரி பேப்பருக்கும் புத்தகத்துக்கும் அது உதவாது. பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, நூலக வரி பாக்கியை மாவட்டவாரியாக வெளியிடச் சொல்லி அவர்கள் கேட்கலாம். தொகுதி மக்களின் கடிதம் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

கேட்டால் நடக்குமா?

2011 நவம்பரில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள், சில நாட்களிலேயே தடை வந்தது. நூலகம் இன்றும் கோட்டூர்புரத்தில்தான் இருக்கிறது. அது ஊரறிந்த பெரிய கட்டடம் என்பதால் எல்லோர் கண்ணிலும் பட்டது. அனுப்பப்படாத நூலக வரி அப்படிக் கண்ணில் படாது. அந்தத் தொகை ரசீதிலும் நகராட்சிக் கணக்குப் புத்தகத்திலும் மட்டும்தான் இருக்கும்.