தீட்டுகல்லும் அடுக்களை உழைப்பும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

ஔவையாரின் புறநானூற்றுப் பாடலொன்று (95) தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் அருகருகே நிறுத்துகின்றது. முன்னவை நெய் பூசப்பெற்றுக் காவலுக்குள் இருப்பன. பின்னவை நுனி சிதைந்து கொல்லனது பட்டறையிற் கிடப்பன. பாடலின் அங்கதம் பெரிதும் பேசப்பட்டுள்ளது. எமக்கு முக்கியமாகப் படுவது பிறிதொன்று. பயன்படும் கருவி மழுங்கும், மழுங்கியது மீண்டும் உழைப்பை வேண்டி நிற்கும் என்னும் உண்மை அங்கே பதிவாகியுள்ளது. எனினும் அது போர்க்கருவி. அடுக்களைக் கத்தியைத் தீட்டிய கைக்கு அத்தகைய பதிவு அரிது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களின் வாழ்வில் மீனும் நெல்லும் பெரும்பங்கு கொண்டவை. (கல்முனை என்னும் பெயரிற் கல்லும் முனையும் சேர்ந்திருப்பது கண்டு ஆய்வாளர் மயங்கவேண்டியதில்லை, அம்முனை கத்தியினது அன்று, நிலத்தினது.) 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்பின் மேற்கே நீர்ப்பாசன வயல்கள் விரிந்தன. வேளாண்மை வெட்டிய தாக்கத்தியின் இடத்தை இன்று அறுவடை இயந்திரம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. மீன் வெட்டும் கத்தியோ அடுக்களையிலேயே இருக்கின்றது. முள்ளும் பலகையும் அதனை நாள்தோறும் மழுக்குகின்றன. அம்மியின் விளிம்போ கடையில் வாங்கிய காபரண்டம் கல்லோ அதற்குக் கூரை மீட்டளிக்கின்றது.

அக்கல்லின் ஒரு முகம் பருமணியுடையது, மற்றையது நுண்மணியுடையது. கத்தியை 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, கோணம் மாறாது தேய்த்தால் மறுபக்கத்திலே விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிர் எழும். அது எழுமுன் பக்கம் மாற்றுவது வீண்வேலை. இரு பக்கமும் முடிந்தபின் நுண்முகத்தில் மெதுவாகத் தேய்த்துப் பிசிரை நீக்கவேண்டும். மலிவான கத்தியின் மென்மையான உருக்கு கல்லுக்கு எளிதில் இணங்கும். ஆயின் அதன் கூர் விரைவில் மடங்கும். விலையுயர்ந்த யப்பானியக் கத்தி போன்றவற்றின் கடின உருக்கு நெடுநாள் கூர் தாங்கும். தடித்த முள்ளிற் பட்டாற் சில்லுடையும், திருத்துவதும் சிரமம். இன்று காலை தீட்டிய மலிவான கத்தி, பல மாதம் தீட்டாத விலையுயர்ந்த கத்தியைவிட நன்றாகவே வெட்டும். கூடுதல் விலை வாங்கித்தருவது கூர் நிற்கும் காலத்தையே. விலையுயர்ந்ததை வாங்குபவர் வீட்டுழைப்பின் ஒரு பகுதியைத் தொழிற்சாலை உழைப்பால் ஈடுசெய்கின்றார். மலிவானதை வாங்கும் குடும்பம் அதனைக் கல்லருகே, கூலியின்றி, பெரும்பாலும் பெண்ணின் கையாற் செலுத்துகின்றது.

அத்தொழிற்சாலை உழைப்புக்கும் வரலாறுண்டு. இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் பற்றி 1845இல் எங்கெல்ஸ் வெளியிட்ட நூல், கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற செபீல்ட் நகரின் தீட்டுத் தொழிலாளரைக் குறிப்பிடுகின்றது. உலர்கல்லில் தீட்டியோரின் சராசரி ஆயுள் 35 ஆண்டை எட்டுவதே அரிது. ஈரக்கல்லில் தீட்டியோரின் சராசரி ஆயுள் 45ஐத் தாண்டுவதும் அரிது. கல்தூளும் உலோகத்தூளும் நுரையீரலை அரித்தன.

இப்பிரதேசத்திலே தீட்டுதல் ஊரறிய நிகழும் ஒரு தருணம் உண்டு. அது ஹஜ்ஜுப் பெருநாள். ஷத்தாத் பின் அவ்ஸ் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நபிமொழி, அறுப்பவர் தம் கத்தியைக் கூராக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு பணிக்கின்றது. கூரை அறக்கடமையாக உயர்த்தும் இப்பணிப்பு எமது ஆய்வுக்கு மிகப் பெறுமதியானது. ஆனால் குர்பான் கத்தியை ஏந்துபவர் பெரும்பாலும் ஆண். இறைச்சி பங்கிடப்பட்டு வீடுகளுக்கு வந்தபின் எலும்பிற் பட்டு மழுங்கும் சிறு கத்தியை எடுத்துக்கொண்டு அம்மியடிக்குச் செல்பவள் பெண்.