வம்சாவளியில் விடுபட்ட பிள்ளை

இம்மலருக்காகச் செனாவாங் வட்டாரத்து உறுப்பினர் குடும்பங்களின் வம்சாவளியைத் தொகுத்தபோது, ஒரு வீட்டில் கணக்கு இடித்தது. பெரியவருடன் பிறந்தவர்கள் ஐவர், ஆக மொத்தம் ஆறு பேர் என்று பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். எண்பதைக் கடந்த அவருடைய அக்காவோ, "எங்க உம்மா பெத்தது ஏழு" என்றார்.

ஏழாவது பிள்ளையைத் தேடினோம். பெரியவரின் பிறப்புப் பத்திரத்தில் 1949 என்றிருந்தது. அவரோ எப்போதும் தம் வயதை இரண்டாண்டு குறைத்தே சொல்லி வந்தவர். கடையநல்லூர் உறவினர் காத்து வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றில் விடை கிடைத்தது. தோட்டத்து லயத்தில் 1949-இல் பிறந்த பிள்ளை, பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் மவுத்தானது. அடுத்துப் பிறந்தவருக்கும் பாட்டனார் பெயரையே வைத்தார்கள். அண்ணனின் பத்திரமும் அவருக்கே ஆகிவிட்டது.

தமிழ் முஸ்லிம்களில் பலர் தனியாகவே வணிகத்துக்கு வந்தார்கள். நெசவுத் தொழிலில் நலிந்து புறப்பட்ட கடையநல்லூரார் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். எனவே அவர்களின் குழந்தைகளின் கபர்களும் இம்மண்ணிலேயே உள்ளன. மலாயாவில் 1948-இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு 12 வயதுக்கு மேற்பட்டோருக்கே. கைக்குழந்தைக்கு அட்டை ஏது? 1957-இல்கூட உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 75 பேர் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. இன்று அது ஒற்றை இலக்கம். ஆக, இப்படி விடுபட்ட பிள்ளை ஒரு வீட்டில் மட்டும் இருக்க முடியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம், ஹிஜ்ரி 10-இல் பால்குடிப் பருவத்திலேயே மறைந்தார். ஆயினும் அவருடைய தாயார் மாரியா அம்மையாரையும், அடக்கப்பட்ட பகீஃ மையவாடியையும், அன்று நேர்ந்த சூரிய கிரகணத்தையும் வரலாறு மறக்கவில்லை.

நம் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வீட்டு மூதாட்டியரிடம், எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பெற்றார்கள் என்றும் கேளுங்கள். பழைய கடிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். பத்திரத்து வயதும் வாய்மொழி வயதும் முரண்பட்டால், யாரோ தவறாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

அக்குடும்பத்தின் வரைபடத்தில் இப்போது ஏழு பேர். ஒரே பெயர் இருமுறை இருக்கிறது, அச்சுப்பிழை அல்ல. அதைக் காட்டியபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அண்ணனுக்காக யாசீன் ஓதச் சொன்னார். ஓதினோம்.