ஒரு டம்ளருக்கு ஒரு நிமிஷம்

"மாடித் தொட்டி உங்க கிச்சனுக்கு எத்தனை மாடி மேல இருக்கு சார்?"

ஆர்.ஓ. மாட்ட வந்தவர் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டது இதுதான். நாங்கள் கடைசி மாடி, தொட்டி நேர் தலைக்கு மேல் என்றேன். "அப்ப பிரஷரே இருக்காது. பம்ப் வெச்ச மாடல்தான். டேங்க் சிங்குக்கு மேல, சுவத்துல."

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சிங்குக்கு அடியில் கேஸ் சிலிண்டரின் தம்பி மாதிரி ஒரு உருண்டை டேங்க், மேலே வளைந்த சின்னக் குழாய் மட்டும். கேட்டேன். "அதையும் மாட்டலாம்ணா மாட்டலாம் சார். ஆனா அது குழாய்ல எப்பவும் தண்ணி வர்ற ஊருக்குச் செஞ்சது" என்றார்.

அவர் போகிற போக்கில் சொன்னது கிட்டத்தட்ட ஒரு வரலாற்றுச் சுருக்கம்.

முதல் கேள்வி, ஆர்.ஓ.வுக்குத் தொட்டி எதற்கு? குழாயைத் திறந்தால் நேராக வரவேண்டியதுதானே?

1748-இல் பிரான்ஸில் ழான் அந்துவான் நோல்லே என்ற பாதிரியார் ஒரு குப்பியில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி, தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் தோல் வெளியே புடைத்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தது, சாராயம் வெளியே வரவில்லை. சவ்வூடு பரவலைப் பற்றிய முதல் பதிவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் தானாகவே செறிவு கூடிய பக்கம் போகும். உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அதை எதிர்த்திசையில் தள்ளவேண்டும். கடல் நீரென்றால், காற்றழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும்.

1950-களில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீட் குழுவினர், புகைப்பட ஃபிலிம் செய்யப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் உப்பைத் தடுக்கும் என்று காட்டினார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதைத் தீர்த்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த இருவர்: சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன். ஆமாம், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்தான். அவர்கள் ஃபிலிமைச் சூடாக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மேலே இருந்தால் வேலை செய்தது, திருப்பிப் போட்டால் செய்யவில்லை. சவ்வின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்ற இந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே மிக மெல்லிய தோல், கீழே பஞ்சு மாதிரி துளைகள் என்று ஒரு சவ்வை அவர்களே வார்த்தார்கள். தண்ணீரின் வேகம் பல மடங்கு கூடியது.

அதை முதலில் ஓர் ஊருக்குப் பயன்படுத்திய இடம் கலிஃபோர்னியாவின் கோலிங்கா. எண்ணெய்க் கிணறுகள் இருந்த சின்ன ஊர். நிலத்தடி நீரில் உப்பு. 1959 வரை குடிதண்ணீர் அங்கே ரயிலில் வந்தது. வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்ற குழாய்களோடு, குடிப்பதற்கென்று மூன்றாவது குழாயும் வீடுகளில் இருந்தது. 1965-இல் அங்கே லோப்பின் குழு நிறுவிய ஆர்.ஓ. நிலையம் ஒரு நாளைக்கு 5,000 கேலன், அதாவது சுமார் 19,000 லிட்டர் கொடுத்தது. இன்று நம் சிங்கில் தனியாக நிற்கும் அந்தச் சின்னக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் கோலிங்காவின் மூன்றாவது குழாய் எனக்கு ஞாபகம் வரும்.

1970-களின் பிற்பகுதியில் ஜான் கடோட் உருவாக்கிய மெல்லிய அடுக்குச் சவ்வு, குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்தது. ஆர்.ஓ. சமையலறைக்குள் வர முடிந்தது அதனால்தான். ஆனாலும் வேகம் குறைவுதான். நம் ஊர் மெஷின்களில் சாதாரணமாக இருக்கும் சவ்வு 75 கேலன் வகை. நாளெல்லாம் ஓடினால் 284 லிட்டர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு சுமார் 12 லிட்டர், நிமிஷத்துக்கு 200 மில்லி. ஒரு டம்ளருக்கு ஒரு நிமிஷம், அதுவும் ஆய்வுக்கூடக் கணக்கில். ஒரு குடம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தத் தாமதத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கத்தான் தொட்டி. நாம் தூங்கும்போது அது துளித்துளியாய்ச் சேர்த்து வைத்துவிட்டு, காலையில் குழாயைத் திறந்தால் தாராளமாய்க் கொடுப்பதுபோல் நடிக்கிறது.

அமெரிக்காவின் டேங்க் எப்படி நடிக்கிறது? உள்ளே ஒரு ரப்பர் பை, மறுபக்கம் காற்று. தண்ணீர் வரவர பை உப்பிக் காற்றை நெருக்கும். குழாயைத் திறந்தால் அந்தக் காற்று தண்ணீரை மேலே தள்ளும். டேங்கின் அழுத்தம், வரும் தண்ணீரின் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் ஒரு வால்வு தானே மூடிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். ஏனென்றால் அங்கே தெருக்குழாயில் இரவும் பகலும் 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கிறது. சவ்வுக்கான உழைப்பை ஊரே செய்துவிடுகிறது.

சென்னையில் அந்த உழைப்பு யாருடையது?

செங்குன்றத்துத் தண்ணீர் நகரத்துக்கு வரத்தொடங்கியது 1872-இல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல். ஆனால் நகரம் வளர்ந்த வேகத்துக்குத் தண்ணீர் வளரவில்லை. குழாயில் தண்ணீர் 'விடும் நேரம்' என்று ஒன்று வந்தது. அந்த நேரத்தைப் பிடித்து வைக்கத் தரைக்குக் கீழே சம்ப் வந்தது. சம்ப்பிலிருந்து ஏற்ற மோட்டார். மோட்டார் ஏற்றியதை வைத்துக்கொள்ள மாடியில் தொட்டி. 1970-களில் குஜராத்தின் கலோலில் பிறந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்கின் பிராண்ட் பெயரான சின்டெக்ஸ், கடைசியில் எல்லா மாடித் தொட்டிக்கும் பெயரானது.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது சுமார் 14 பிஎஸ்ஐ. தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருக்கும் என் தொட்டி கொடுப்பது நாலு. சவ்வு கேட்பதோ நாற்பதுக்கு மேல். அதனால்தான் நம் ஆர்.ஓ.வுக்குள் பம்ப் உறுமுகிறது. டேங்க் சுவரில் ஏறியதும் அதனால்தான், தண்ணீர் தன் எடையில் தானே இறங்கட்டும் என்று. மிதவை மேலே வந்தால் பம்ப் நிற்கும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்படி முன்பக்கம் கண்ணாடி மாதிரி. தண்ணீர் எப்போது தீரும் என்று பார்த்துக்கொண்டே வாழ்ந்த ஊரின் டேங்க் அது.

அழகில் தோற்றாலும் அது மட்டமான தொட்டி இல்லை. ரப்பர் பை டேங்க் நிறைய நிறைய சவ்வைத் திருப்பி அழுத்தும். உற்பத்தி குறையும், கழிவு கூடும். நம் டேங்க் அழுத்தாது. அதன் பலவீனம் வேறு. கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால் உள்ளே நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. கழுவாவிட்டால் பாசி போல வழவழப்பு பிடிக்கும். எனவே பெரிய டேங்க் நல்ல டேங்க் அல்ல. கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் சமாளிக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஏழெட்டு லிட்டர் தாராளம்.

2003-04 வறட்சியில் ஏரிகள் வற்றி, குழாய்களில் காற்று வந்தது. 2019-இல் மறுபடியும். அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. ரயில் தண்ணீரிலிருந்து தப்பிக்கத்தான் கோலிங்கா சவ்வைத் தேடிப் போனது. வீட்டுக்கு வீடு சவ்வை மாட்டிக்கொண்ட நாமோ ரயிலுக்காகக் காத்து நின்றோம்.

வீட்டுச் சவ்வு தண்ணீரை உண்டாக்காது என்பதுதான் காரணம். இருப்பதைப் பிரிக்கும், அவ்வளவே. ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் அதே 2019-இல்தான். வாங்கும் முன் அளந்து பார்ப்பது நல்லது. எங்கள் போர் தண்ணீரில் மீட்டர் 1,140 காட்டியது. வேறு வழியில்லை.

வேலை முடிந்ததும் கழிவுக் குழாயை சிங்க் ஓட்டையில் செருகப் போனவர் என்னைப் பார்த்தார். "பக்கெட்ல விடட்டுமா சார்? வீடு துடைக்க, பாத்ரூமுக்கு ஊத்த ஆகும். செடிக்கு மட்டும் வேணாம், உப்பு."

ஆக, அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு தொட்டிகள் வந்தன. எட்டு லிட்டர் ஒன்று சுவரில். இருபது லிட்டர் பக்கெட் ஒன்று தரையில். சீக்கிரம் நிறைவது இரண்டாவதுதான்.