உபதேசியார்: தமிழகத் திருச்சபைகளை வளர்த்த ஊழியம்

உபதேசியார் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். ஆனாலும் ஊர்ச்சபையின் அன்றாட வாழ்வு அவர் கையில்தான் இருந்தது. காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் நடத்துவார், பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பார், வேதத்தில் சேர வருவோருக்குப் பாடம் சொல்லி ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவார், நோயாளிகளைப் பார்ப்பார், குரு வர முடியாத ஊரில் அடக்க ஜெபமும் அவரே செய்வார். எல்லா இனத்தாரையும் சீடராக்கும்படி இயேசு தம் சீடர்களுக்குக் கட்டளையிட்டதாக மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரம் கூறுகிறது. தமிழ்நாட்டில் அந்தக் கட்டளையை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர்களில் ஐரோப்பிய மிஷனரிகள் சிலரே. நேற்றுவரை பாடம் கேட்டிருந்து இன்று பாடம் சொல்லத் தொடங்கிய உள்ளூர்க்காரர்களே பெரும்பான்மையினர். கத்தோலிக்கரிடையே இவர்களுக்கு வேதியர் என்ற பெயர் நிலைத்தது. சீர்திருத்தச் சபைகளில் உபதேசியார் என்றார்கள்.

முத்துக்குளித்துறையில் தொடக்கம்

1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் இருந்த போட்டியும் கடற்கரை மோதல்களும் அதற்குக் காரணம். ஆனால் அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. பெயர் மாறியது, வழிபாட்டு வழக்கம் அப்படியே இருந்தது.

இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அங்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்கார்ந்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, இயேசு கற்பித்த ஜெபம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிறன்று ஊரே கூடியிருக்க, விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்துக்கொண்டு நம்புகிறோம் என்று பதில் சொல்வார்கள். நோயாளிகளின் வீட்டிலிருந்து அழைப்பு அதிகமாகி, எல்லா இடத்துக்கும் தாமே போக முடியாதபோது, பாடம் படித்த சிறுவர்களை அனுப்பிவைத்தார். அவர்கள் நோயாளியின் அருகில் நின்று ஜெபங்களைச் சொன்னார்கள்; வீட்டாரும் அவற்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

சவேரியார் ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கு வைத்துச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்க வேண்டும். எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதை நடத்திவைக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவர்களின் சம்பளத்துக்கு வழி தேடி, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை அரசியிடமே கேட்டுப் பெற்றார். தமிழகத்தில் சம்பளத்துடன் அமைந்த உபதேசியார் ஊழியத்தின் முதல் வடிவம் இதுவே.

அடுத்து வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்கள் கொண்ட சிறு ஞானோபதேச நூல். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சு நூல்களுள் ஒன்றான அது, ஊரில் பாடம் சொல்வதற்கென்றே உருவானது.

மதுரை மிஷனின் வேதியர்கள்

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய மிஷன் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டில் பரவியது. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அங்கு இல்லை. குருக்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள். ஒரு குரு பரந்த நிலப்பரப்பைச் சுற்றி வர வேண்டியிருந்ததால், பல ஊர்கள் அவரை எப்போதாவதுதான் பார்த்தன. இடைப்பட்ட மாதங்களில் சபையைக் கட்டிக்காத்தவர் வேதியர். குரு வருமுன்பே அவர் ஊருக்குள் போய், சேர விரும்புவோருக்குப் பாடம் சொல்லி வைத்திருப்பார். சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு அவரே ஞானஸ்நானம் கொடுப்பார்.

இந்த ஊழியத்துக்கு ஒழுங்கு வகுக்க வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். வேதியர் பிறருக்குச் சொல்வதைத் தாம் முதலில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. மதுரை மிஷனின் குருக்கள் சேர்ந்திருந்த இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின் பல பத்தாண்டுகளுக்குக் குருக்கள் பஞ்சம் நீடித்தது. அக்காலத்தில் கிராமச் சபைகள் சிதறாமல் நின்றதில் வேதியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தரங்கம்பாடியும் ஆரோனும் ராஜநாயக்கனும்

சீர்திருத்தச் சபை மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அச்சகம், பள்ளி, 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று பணி வளர்ந்தாலும், டேனியர் எல்லை சில கிராமங்களோடு முடிந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் தஞ்சை அரசின் நாடு. வெள்ளைக்காரர் அங்கு விருப்பம்போல் நடமாட முடியாது. உள்ளூர் உபதேசியார்கள் அந்த எல்லையைத் தாண்டினார்கள்.

அவர்களில் ராஜநாயக்கன் தனித்து நிற்கிறார். தஞ்சைப் படையில் பணியாற்றிய அவர் பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைத் தாமே படித்து, உடனிருந்த வீரர்களுக்கும் படித்துக் காட்டினார். பின்னர் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்து, படைவேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை வட்டாரத்தில் பல ஆண்டுகள் எதிர்ப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே அவர் சபைகளைத் திரட்டினார்.

கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் 1718இல் ஆரோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த அவர் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தச் சபைகளின் முதல் உள்நாட்டுக் குரு அவரே. அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கனின் பெயரும் எழுந்தது. அவர் பறையர் என்பதால், அவர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மறுப்பார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் பட்டம் தியோகு என்ற மற்றோர் உபதேசியாருக்குப் போனது. சீடராக்கும் பணியில் முன்னணியில் நின்றவர் பலிபீடத்தருகே வர முடியவில்லை. சாதி பற்றிய இந்தத் தயக்கம் பின்வந்த நூற்றாண்டுகளிலும் சபைகளை விட்டு நீங்கவில்லை.

திருநெல்வேலி: உறவின் வழியே

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபை எந்த மிஷனரியும் குடியேறுவதற்கு முன்பே முளைத்துவிட்டது. பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் அக்கம்பக்கத்தாருக்கு நற்செய்தியைப் படித்துக் காட்டிவந்ததை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1771இல் குறித்திருக்கிறார். அவ்வூரில் வாழ்ந்துவந்த, தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை ஒருவர் 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தனர். கிளாரிந்தாவின் முயற்சியால் அங்கு எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சபையை நடத்த சுவார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்த பாய்ச்சல் தேரிக்காட்டுப் பனையேறிகளிடையே நிகழ்ந்தது. சாத்தான்குளம் பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று உபதேசியாராகச் சொந்தச் சீமைக்குத் திரும்பினார். அவருடைய பேச்சு முதலில் சென்றது மாமன் மச்சான் வீடுகளுக்கே. குடும்பம் குடும்பமாக ஆட்கள் சேர்ந்தார்கள். எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது. ஜெபவீடு இடிக்கப்பட்டது, பயிர்பச்சை அழிக்கப்பட்டது. தங்களுக்கென நிலம் இருந்தால்தான் நிற்க முடியும் என்று கண்ட அவர்கள் 1799இல் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்த ஊரே முதலூர். 1802, 1803 ஆண்டுகளில் மிஷனரி கெரிக்கே ஐயரும் சத்தியநாதனும் இப்பகுதியில் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

நாஞ்சில் நாட்டிலும் இதே கதை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர்; திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரில் ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது, அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைக் கவனிக்கும் பொறுப்பு வேதமாணிக்கத்திடம் விடப்பட்டது.

உறவு வழியே பரவியதால் சபை வேகமாக வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர் தனித்து விடப்படவுமில்லை. அந்த உறவு முடியும் இடத்தில் போதனையும் நின்றதுதான் இதன் குறை. ஒரே சாதியார் ஊர் ஊராகச் சேர, பக்கத்துத் தெருவின் மற்றச் சாதியார் பல இடங்களில் எட்டாமலே இருந்தார்கள்.

ரேனியஸ் வகுத்த ஒழுங்கு

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், உபதேசியார்களை நம்பியே தம் பணி முழுவதையும் அமைத்தார். அவர்களைப் பயிற்றுவிக்கப் பள்ளி நடத்தினார். தலைமையிடத்துக்கு வரும் உபதேசியார்கள் தங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்வார்கள்; யார் சேர்ந்தார், யார் பின்வாங்கினார், எங்கே தகராறு என்பதெல்லாம் பேசப்படும். அதன்பின் வேதபாடம் நடக்கும். துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது. ஊர்ச்சபையாரும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். சோறு பொங்கும்போது ஒரு பிடியை எடுத்துவைத்துச் சேர்க்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, முதற்பலன் காணிக்கை, ஆண்டுக்கொருமுறை ஊரே கூடி உண்ணும் அசனம் ஆகியவை திருநெல்வேலிச் சபை வாழ்வில் வேர்விட்டன.

வேலை கூடியது, மதிப்பு அதற்கேற்றபடி கூடவில்லை. சம்பளம் குறைவு, மாற்றமும் நீக்கமும் மிஷனரியின் கையில். இந்த அதிகாரத்தோடு மோதி வெளியேறிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857இல் பிரகாசபுரத்தில் வெளிநாட்டாருக்குக் கட்டுப்படாத தனிச் சபையைத் தொடங்கினார். உபதேசியார்களில் தகுந்தவர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து நாட்டையர்களாக்கும் போக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வலுத்தது. ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்கு வேதாகமப் பெண்கள் எனப்பட்ட பெண் ஊழியர்கள் சென்றார்கள். உபதேசியாரின் மனைவியும் பல ஊர்களில் பெண்களுக்குப் பாடம் சொன்னார்.

எல்லை தாண்டிய ஊழியம்

1854இல் மிஷனரி ராக்லண்டும் தோழர்களும் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றும் பணியைத் தொடங்கினார்கள். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதத்துக்குச் சிலராக முறைவைத்து, தங்கள் செலவிலேயே அங்கு அனுப்பின. அதே காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே ஊழியம் செய்யவும் திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் கடந்தார்கள். பணம் வாங்கி வளர்ந்த சபை, பணம் கொடுத்து ஆள் அனுப்பும் சபையானது.

இதன் முதிர்ந்த வடிவம் 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை. அதன் பணிக்களமாக ஐதராபாத் நிஜாம் நாட்டின் தோர்ணக்கல் பகுதி அமைந்தது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வே. ச. அசரியா தாமும் அங்கு சென்றார், தெலுங்கு கற்றார், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தோர்ணக்கல்லில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற ஏழைகள். அசரியா ஊர் உபதேசியார்களைக் கணவன் மனைவியாகவே பயிற்சிக்கு அழைத்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் கை வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்ற பவுலின் வார்த்தையைத் தம் உறுதிமொழியாகச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். சம்பளம் வாங்கும் உபதேசியாரின் கடமை இதனால் ஒவ்வொரு கூலியாளின் கடமையுமானது. 1945இல் அவர் இறந்தபோது அப்பேராயத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

பிற்காலம்

1947 செப்டம்பர் 27 அன்று சீர்திருத்தச் சபைகள் பல இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. குருக்களின் எண்ணிக்கை கூடியது. பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். உபதேசியாரிடம் ஒன்றாகச் சேர்ந்திருந்த வேலைகள் ஆசிரியர், குரு, சபை நிர்வாகம் என்று பிரிந்து போயின. எஞ்சிய பொறுப்பை, பல ஊர்ச்சபைகள் சேர்ந்த சேகரங்களில் சபை ஊழியர் என்பவர் பார்க்கிறார். சேகர குரு வராத ஞாயிறுகளில் சிற்றூர்களில் ஆராதனை நடத்துபவர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், சீடராக்கும் அழைப்பு ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உரியது என்று வலியுறுத்தியது. அதன்பின் மறைக்கல்விப் பணியில் பொதுநிலையினரின் பங்கு விரிந்தது. வேதியர் என்ற தனிப் பதவி சுருங்கியது.