வெள்ளைப் புடவையும் ஒரு லட்சம் ரூபாயும்

சென்ற தைப்பூசத்தன்று நம் கம்யூனிட்டி ஹாலில் ‘திருவிளையாடல்’ படம் போட்டோம். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு முருகன் பழனிமலை ஏறியதும் ஔவையார் வந்து பாடுவார். அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்தக் குரல் எழும்பியதும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திரும்பி, “தாத்தா, இந்தப் பாட்டி நிஜமாவே பாட்டியா? எப்பவும் வெள்ளைப் புடவைதானா?” என்று கேட்டாள். “ஆமாம்மா, அவர் கணவர் சின்ன வயசிலேயே இறந்துட்டார்” என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொன்னது பாதி பதில்தான் என்று உறுத்தியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கே.பி. சுந்தராம்பாள் என்றால் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். பாலாம்பாள் அவருடைய தாயார். பிறந்தது 1908இல், ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில். கரூர் கிளையில் வேலை பார்த்த நாட்களில் ஈரோடு பாசஞ்சரில் அந்த ஸ்டேஷனைப் பலமுறை கடந்திருக்கிறேன். இதே ரயில் பாதையில்தான் அந்தச் சிறுமி பெட்டி பெட்டியாக ஏறிப் பாடியதாகச் சொல்வார்கள். குடும்பத்தில் அவ்வளவு வறுமை. குரலைக் கேட்டவர்கள் மூலம் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் வேடம் ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை. அதற்கு அவர் ஒத்திகை பார்க்கத் தேவை இருந்திருக்காது.

அந்தக் கால நாடகத்தைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். நாடகம் விடிய விடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் எல்லா ஊருக்கும் பாடம். அதனால் வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஓர் இரவு நாடகம் போடுவார்கள். இதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். இரண்டு பெரிய பாடகர்கள் மோதினால் வசூல் அள்ளும். ரசிகர்களுக்கு வேண்டியது கதையைவிட அந்தப் போட்டிதான்.

அப்படி ஒரு போட்டி 1926இல் இலங்கையில் அமைந்தது. சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். செங்கோட்டையிலிருந்து எஸ்.ஜி. கிட்டப்பா வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 20. எட்டுக்கட்டைக் குரல் என்று ஊரே பேசிய பாடகர். கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் ‘வள்ளி திருமணம்’ நடந்தது. போட்டியாகத் தொடங்கியது ஜோடியாக மாறியது. 1927இல் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, இருவரும் தமிழ்நாடு முழுக்க மேடை ஏறினார்கள்.

ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். சாதியும் வேறு. ஊர்ப் பேச்சு, உறவினர் பேச்சு, பிரிவு, மீண்டும் சேர்தல் என்று அந்த வாழ்க்கை அலைக்கழிந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அவற்றில் கோபமும் அன்பும் மாறி மாறி வரும். கிட்டப்பா உடல் நலம் கெட்டு, 1933 டிசம்பர் 2ஆம் தேதி காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். விதவைக் கோலம் அந்தக் காலத்தில் சமூகம் சுமத்திய கட்டாயம்தானே என்று கேட்கலாம். அது உண்மைதான். அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஜோடி சேர்வதில்லை என்ற முடிவின் விலையைப் பாருங்கள். வேலன் இல்லாமல் வள்ளி ஏது? ஸ்பெஷல் நாடகத்தில் பிழைப்புக்கு வழியான வேடங்கள் எல்லாமே அன்றோடு போய்விட்டன. தொழிலை விட்டு ஒதுங்கியே இருந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள், இந்தக் குரல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது என்று வற்புறுத்தினார்கள். தேசிய இயக்க மேடைகளில் பாடத் தொடங்கினார்.

அப்போதுதான் சினிமா வந்து கதவைத் தட்டியது. அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் ‘நந்தனார்’ படம் எடுக்க விரும்பினார். நடிக்க முடியாது என்று சுந்தராம்பாள் மறுத்தார். அவர் விடவில்லை. ஆளை விரட்டுவதற்காகவே, ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன் என்று சொன்னாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்!

வங்கிக் கவுண்ட்டரில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு எப்போதும் எண்தான் முதலில் கண்ணில் படும். 1935இல் ஒரு லட்சம். மூன்று சதவீதம் வட்டி என்று வைத்தாலே உட்கார்ந்த இடத்தில் மாதம் 250 ரூபாய் வரும். அடுத்த ஆண்டு ‘சதிலீலாவதி’யில் அறிமுகமான எம்.ஜி.ஆர். முன்பணமாக வாங்கியது 100 ரூபாய். அதுவரை இந்தியாவில் யாரும் ஒரு படத்துக்கு இப்படி ஒரு தொகை வாங்கியதில்லை என்பார்கள். வாங்கியவர், ரயிலில் பாடிப் பிழைத்த ஒரு பெண்.

பணத்தைவிட முக்கியம் வேடம். அதில் நந்தனார் சுந்தராம்பாளேதான். ஆண் வேடம் கட்டினால் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அத்தனை செலவு செய்தும் படம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ‘ஆனந்த விகடன்’ விமர்சனத்தில் கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்கிற மாதிரிக் கேலி செய்தார். பாட்டைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

பிறகு அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1940இல் மணிமேகலை. 1953இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். 1965இல் ‘திருவிளையாடல்’, 1967இல் ‘கந்தன் கருணை’ இரண்டிலும் மறுபடி ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லோரும் துறவிகள் அல்லது இல்லறத்தைக் கடந்தவர்கள். 25 வயதில் போட்ட நிபந்தனையை 40 ஆண்டு ஒரு முறைகூட மீறவில்லை. படங்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் சமரசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

‘பூம்புகார்’ பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். வசனம் கலைஞர் கருணாநிதி. அவர் பகுத்தறிவுக் கட்சிக்காரர், இவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசிய முருக பக்தை. ஒரு பாட்டில், தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் வரி வந்தது. இதை என் வாயால் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் நின்றுவிட்டாராம். தெய்வம் வந்துவிட்டது என்று அந்த வரி மாறியது. கொள்கையை விடாமல் கேட்டவர் ஒருவர், பெரிய மனதோடு மாற்றிக்கொடுத்தவர் ஒருவர். இருவர் மேலும் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

1950களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போவது நமக்குப் பழகிப் போன விஷயம். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர் இவர். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. சொந்த ஊரை மறக்காமல் கொடுமுடியில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980இல் காலமானார்.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். அவர் நிஜமாகவே பாட்டி இல்லை, அம்மா. வெள்ளைப் புடவை உடுத்தியபோது, உன் அக்கா இப்போது ஐ.டி. கம்பெனிக்குப் போகிறாளே, அவள் வயதுதான். நாம் அவரை எப்போதும் கோலூன்றிய கிழவியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் அந்த 25 வயதுப் பெண் நம் கண்ணில் படவில்லை. துக்கம் அவருடையதுதான். ஆனால் அதற்குள் நின்றுகொண்டே, எதில் நடிப்பேன், எவ்வளவு வாங்குவேன், எதைப் பாட மாட்டேன் என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஹாலில் ‘ஔவையார்’ போடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நீளமான படம், மாலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடலாம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். சவுண்டைக் கொஞ்சம் குறைத்தே வைப்போம். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் அது.