வழக்குச் செலவுத்தொகை (இந்தியா)

உரிமையியல் வழக்கை நடத்த ஒரு தரப்புக்கு ஆன செலவை மறுதரப்பு ஈடுசெய்யுமாறு நீதிமன்றம் ஆணையிடும் தொகை. இந்தியாவில் இதை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் முறைப்படுத்துகிறது. அதன் 35ஆம் பிரிவின்படி யார், எவ்வளவு, எந்தச் சொத்திலிருந்து செலுத்துவது என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. எனினும் தோற்றவர் தருவதே வழக்கம்; அதிலிருந்து விலகும் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

நீதிமன்றக் கட்டணம், வக்கீல் கட்டணம், சாட்சிப் படி, நகல் செலவு முதலியன இதில் அடங்கும். வக்கீல் கட்டணம் பொதுவாக விதிகள் குறித்த அளவிலேயே கணக்கிடப்படுவதால், வென்றவர் உண்மையில் செலவிட்டதில் பெரும்பகுதி அவருக்குத் திரும்புவதில்லை. இம்முறையின் முதன்மையான குறை இதுவே. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை நியாயமான உண்மைச் செலவாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியது.

பொய்யான, தொல்லை தரும் கோரிக்கைகளுக்கு 35அ பிரிவு தனி ஈட்டுத்தொகை விதிக்கிறது. வணிகத் தகராறு அல்லாத வழக்குகளில் அது 3,000 ரூபாயைத் தாண்டாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 35ஆ பிரிவு, விசாரணையை இழுத்தடிப்பவர்மீது செலவு சுமத்துகிறது. வணிகத் தகராறுகளில் தோற்றவர் செலுத்துவதை 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் பொது விதியாக்கியது.