மலை முழுக்க ஒரே மரம்

கனடாவில் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? ஜனவரி வாக்கில் நாகர்கோவிலில் குலசேகரம் பஸ் ஏறுங்கள். நாஞ்சில் நாட்டு வயல்களைத் தாண்டி மேடு ஏறினால், செம்பும் மஞ்சளுமாக இலை உதிர்க்கும் ரப்பர் தோட்டங்கள். இரண்டும் உறவுக்கார மரங்கள் அல்ல. அங்கே துளை போட்டு இனிப்புச் சாறு எடுக்கிறார்கள்; இங்கே பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறார்கள்.

ரப்பருக்குச் சொந்த ஊர் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. அதில் 1,900 சொச்சம் கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்தான்! பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலருக்கு வேலை கொடுத்ததும் குமரி மாவட்ட அரசு ரப்பர் தோட்டங்களே. மரம் வந்த வழியிலேயே மனிதர்களும் வந்தார்கள்.

விஷயம் இனிமேல்தான். நல்ல பால் தரும் மரத்தின் விதையைப் போட்டால் பிள்ளை அதே மாதிரி வராது. அதனால் நாற்றின் தண்டில் பட்டையைத் திறந்து, உயர்ந்த ரகத்தின் மொட்டு ஒன்றைப் பதித்துக் கட்டுவார்கள். ஒட்டியதும் நாற்றின் தலையை வெட்டிவிடுவார்கள். வேர் ஒருத்தருடையது, மேலே உள்ளதெல்லாம் இன்னொருத்தருடையது! கோட்டயத்து ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 இப்படித்தான் பரவியது. அப்பா அம்மா ஜாவா ரகமும் மலாயா ரகமும். பத்து ஏக்கரில் நின்றாலும் சரி, பத்தாயிரம் ஏக்கரில் நின்றாலும் சரி, பிறப்பால் அது ஒரே மரம்.

ஏழு வருஷம் காத்திருந்தால் பால்வெட்டு தொடங்கலாம். விடியுமுன்பே, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வேலை. வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சுணங்கும். சரிவாக ஒரு மெல்லிய சீவல், கீழே சிரட்டை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி வளர்திசுவைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பட்டை சரியாகத் திரும்ப வளராது. நல்ல வெட்டுக்காரருக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. கூலி அந்த மதிப்புக்கு ஏற்றதா என்பது வேறு கதை.

சரி, ஒரே மரமாக இருந்தால் என்ன குறைச்சல்? கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டைக் கேட்க வேண்டும். 1928-இல் அமேசானிலேயே பிரம்மாண்டமாகத் தோட்டம் போட்டார். காட்டில் ரப்பர் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இவர் நெருக்கி நட்டார். கிளைகள் உரசத் தொடங்கியதும் இலைக்கருகல் பூஞ்சை தளிருக்குத் தளிர் தாவியது. 1945-இல் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நம் தோட்டங்களும் வருஷா வருஷம் மொத்தமாகத் தளிர்ப்பவைதான். அந்தப் பூஞ்சை இன்னும் ஆசியாவுக்குள் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2005-இல் 414, 430 போன்ற புது ரகங்கள் வந்தன. ஒரே ரகத்தை மட்டும் நடாதீர்கள், கலந்து நடுங்கள் என்று ரப்பர் வாரியமும் சொல்கிறது. அதிகப் பால் தருவதை விட்டுவிட்டு வேறொன்றை நட எந்த விவசாயிக்கு மனசு வரும்? ஆராய்ச்சியாளர்களோ 1981-இல் மறுபடியும் அமேசான் காட்டுக்கே போனார்கள். விக்கம் தொடாத பகுதிகளில் காட்டு ரப்பர் விதை பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பங்கு இந்தியாவிலும் வளர்கிறது.